மூட்டைகளோடு சேர்க்கப்பட்ட மாமா

ராயபுரம்
12 ஜனவரி 2025

பெங்களூரு மாநகரைச் சுண்டுவிரலால் ஆள்பவளும், கண்ணில்லாத வண்டிகளுக்குக் கண் கொடுப்பவளும், சொந்தத் தாய்மாமனின் போன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பவளுமான கிறிஸ்டினாவுக்கு அம்புரோஸ் மாமா எழுதிக்கொள்வது.

உன் விலாசத்தை அக்காவிடமிருந்து வாங்க நான் பட்ட பாட்டில் ஒரு கோட்டையைப் பிடித்திருக்கலாம். உன் அம்மா அடைக்கலமேரி சாதாரண ஆளில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒழுங்காக வந்த பிறகுதான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

முதலில் ஒரு சத்தியம் செய்துவிடுகிறேன். நான் இப்போது சொல்லப்போகும் கதையை ராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை ஒரு ஜீவனும் நம்பாது. நம்பு என்று உன்னிடமும் கேட்க மாட்டேன். படித்தால் போதும்.

நவம்பர் மாதம் மழை பெய்தது. மழை என்றால், நோவா பார்த்ததெல்லாம் அதற்கு முன்னால் தூறல். திருவொற்றியூரில் நான் மூட்டை இறக்கும் கோடவுன் உனக்குத் தெரியும். அதன் கூரையில் தகரத்தைவிட ஓட்டைதான் அதிகம். உள்ளே நின்றாலும் நனைவோம். அதனால் எல்லாரும் காலிக் கோணியின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் சொருகித் தலையில் கவிழ்த்துக் கொங்காணி போட்டுக்கொண்டோம். என் கொங்காணி முதுகு வரை வந்தது. எந்த ராஜாவின் அங்கியும் அதற்கு ஈடில்லை.

அந்தக் கோடவுனில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் பின்னால் போன கோடையில் ஒரு கறுப்புக் கண் வைத்தார்கள். முன்னால் சரக்கு உயரமாக இருந்தால் வண்டியைப் பின்னோக்கித்தான் ஓட்டுவார்கள். ஆள் குறுக்கே இருந்தால் அந்தக் கண் பார்த்துவிடும், வண்டி தானாக நின்றுவிடும். கண் இருந்த பெட்டியின் மேல் உன் கம்பெனிப் பெயரைப் பார்த்தேன். அன்றைக்கே நான் அந்த வண்டிக்குச் சம்பந்தி ஆகிவிட்டேன். "எங்க அக்கா பொண்ணு செஞ்ச கண்ணுடா அது" என்று சொல்லாத ஆளில்லை. டிரைவர் முபாஷிர் காலையில் வண்டி ஏறும்போதே, "இன்னா மாமு, உங்க பாப்பா என்னை முறைச்சிகினே கீது" என்பான்.

சரி, கதைக்கு வருகிறேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் பருப்பு மூட்டை அடுக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் நான் மூட்டையானேன். சிரிக்காதே. முதலில் என் தோல் சணலானது. பிறகு வயிற்றுக்குள் பருப்பு நிரம்பியது. ஒரு பெருச்சாளி வந்து என்னைச் சுற்றி நடந்து, எடை சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போயிற்று. அப்புறம் வண்டி பின்னோக்கி வந்தது. நான் பன்னிரண்டு அப்போஸ்தலர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பேதுரு காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தாராம், வர முடியவில்லை. கண் என்னை மேலும் கீழும் பார்த்தது. வெறும் சரக்கு என்று முடிவு செய்தது.

வலது கால், முட்டிக்குக் கீழே, இப்போது சொர்க்கத்தில் எனக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே போயிருக்கிறது.

கோடவுன் முதலாளி சொல்கிறார், நான் அங்கே இல்லவே இல்லையாம். கண் ஆளைப் பார்க்கவில்லை, ஆகையால் ஆள் இல்லை. எண்ணூர் சாலையில் டிரெய்லரில் அடிபட்டு, தவழ்ந்து வந்து, அவருடைய பருப்பின் மேல் வேண்டுமென்றே விழுந்தேனாம். பிப்ரவரியில் நஷ்டஈட்டு விசாரணை. உன் கண் ஒரு மனிதனை மூட்டை என்று நினைக்கக் கூடும் என்று ஒரு காகிதம் எழுதிக் கொடு. இத்தனை வருடத்தில் உன்னிடம் நான் கேட்டது இது ஒன்றுதான்.

ஒற்றைக்கால் பேரரசன்,
அம்புரோஸ்


பெங்களூரு
21 ஜனவரி 2025

மாமா,

கால் போன செய்தியை அம்மா அன்றைக்கே சொன்னாள். வருத்தப்பட்டேன். வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

கடிதம் கிடைத்ததும் அந்த வண்டியின் பதிவைத் தேடிப் பார்த்தேன். அந்த மதியம் கருவி வேலை செய்திருக்கிறது. விளக்கு எரிந்திருக்கிறது, நிறுத்துவிசை சரியாக இருந்திருக்கிறது. வண்டிக்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை என்றே பதிவாகியிருக்கிறது. ஆளைக் கண்டால் மட்டுமே அது படத்தைச் சேமிக்கும். படம் இல்லை.

நான் இருபது பேரோடு சேர்ந்து நான்கு வருடம் செய்த கருவி அது. வேறு வேறு கோடவுன்களில் வண்டி நின்ற படங்களை நானே பார்த்திருக்கிறேன். பிழைத்தவர்களின் முகம் அதில் இருக்கிறது. உங்களுக்கு எங்கே அடிபட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெருச்சாளியையும் பேதுருவையும் வைத்து எழுதிய ஒரு கடிதத்தை நம்பி, கருவி தவறு செய்தது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

என் நிச்சயதார்த்தம் நினைவிருக்கிறதா? பெரம்பூர் மேத்யூ வீட்டார் இலையின் முன்னால் உட்கார்ந்திருக்க, செத்துப்போன என் அப்பா கோயில் மணியைக் கழற்றிப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டார் என்று கதை சொன்னீர்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தீர்கள். மேத்யூவின் அம்மா சிரிக்கவில்லை. நம்பினார். திருட்டுக் குடும்பம் என்று சொல்லிவிட்டு இலையைவிட்டு எழுந்தார். நீங்கள் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "அவுங்களுக்கு ஜோக்கு பிரியல" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை பாயசம் கேட்டீர்கள்.

உங்கள் கதைகளுக்கு நான் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டேன். என்னை விட்டுவிடுங்கள்.

கிறிஸ்டினா


ராயபுரம்
16 பிப்ரவரி 2025

நீதி தவறாத கிறிஸ்டினா மகாராணிக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் இல்லாத கால் அரித்தது. அதைச் சொறிய வழி தெரியாமல் எழுந்துவிட்டேன். எழுந்துவிட்டேன் என்பதும் பொய். எழ முயன்றேன்.

முதல் விசாரணை நடந்தது. தேவலோகத்துச் சபை என்று நினைத்துக்கொண்டு சலவைச் சட்டை போட்டுப் போனேன். ஒரு மின்விசிறி, நான்கு நாற்காலி, ஓர் அதிகாரி. நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். கோடவுன் சூப்பர்வைசர் மதியும் வந்திருந்தான். உன் கருவியின் பதிவை முதலாளியின் வக்கீல் வாசித்தார். யாரும் இல்லை, யாரும் இல்லை, யாரும் இல்லை. திருப்பலியில் பதிலுரை சொல்வது மாதிரி இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க பெரியவரே" என்றார்.

நான் சொல்வதற்குள் மதி எழுந்தான். "சார், ஒரு விசயம். ஏரியாவுல இவர் பேரே ரீல் அம்புரோஸ். எண்ணூர்ல திமிங்கலம் முதுகு மேல ஏறி பழவேற்காடு வரைக்கும் போய்ட்டு வந்தேன்னு போன மாசம் கூட சொல்லிகினு இருந்தாரு. வேணும்னா யாரையாச்சும் கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன் ஐயா. ஆனா அதுல திரும்பி வந்தது பஸ்ல."

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே கிறிஸ்டி, அதில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது. குடிகாரனுக்கு வழிவிடுகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. அதற்குப் பிறகு கொங்காணி, மழை, பருப்பு என்று நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு பெருச்சாளியைக்கூடச் சேர்க்கவில்லை. என் வாயிலிருந்து இவ்வளவு உலர்ந்த வார்த்தை வந்ததே இல்லை. யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

மணிக் கதைக்கு நான் வருத்தம் சொல்லவில்லை என்கிறாய். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அதையும் ஜோக் என்றுதான் நினைத்திருப்பார்கள். இன்றைக்குச் சொன்னால் காகிதத்துக்காகச் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். நல்ல ஏற்பாடு.

பொய் சொன்னபோது ஒரு கல்யாணமே நின்றது. உண்மை சொன்னால் ஒரு பேனாகூட அசையவில்லை. அடுத்த விசாரணை மார்ச் பதினெட்டு. அன்றோடு முடித்துவிடுவார்களாம்.

உன் தலையில் ஒரு கோணியைப் போட்டுப் பார். வேறொன்றும் கேட்கவில்லை.

அம்புரோஸ்


பெங்களூரு
2 மார்ச் 2025

மாமா,

போட்டுப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னதற்காக அல்ல. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நிரூபித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கத்தான். மண்டியிலிருந்து பருப்பு மூட்டைகள் வரவழைத்து எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் அடுக்கினேன். அதே கருவியை, சக்கரத்தைப் பூட்டும் விசையோடு, ஒரு தள்ளுவண்டியில் பொருத்தினேன். கொங்காணி போட்டுக்கொண்டு மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்தேன். உடன் வேலை செய்யும் ராஜாத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். வண்டி நிற்கவில்லை. முழங்காலில் இடித்த பிறகுதான் அவளே நிறுத்தினாள். திரையில் மூட்டை அடுக்கைச் சுற்றி ஒரே ஒரு பச்சைக் கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்குள் நானும் இருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். இதைச் சொல்ல உங்களைத் தவிர யாரும் இல்லை என்பது எனக்குக் கசப்பாக இருக்கிறது.

உலகத்தை எடுத்த படங்களுக்கெல்லாம் சில பழக்கங்கள் உண்டு. வானமோ சுவரோ தோலோ, ஒரு புள்ளி என்ன நிறமோ பக்கத்துப் புள்ளியும் பெரும்பாலும் அதே நிறம்தான். ஒரு விளிம்பு தொடங்கினால் நேராகவோ மெல்ல வளைந்தோ கொஞ்ச தூரம் போகும், நினைத்த இடத்தில் முறியாது. இதை யாரும் விதியாகப் போடவில்லை. காடு, கடல், தெரு என்று லட்சக்கணக்கான படங்களை எடுத்து எண்ணினால் தானாகத் தெரியவருவது. நம் கண்ணும் இந்தப் பழக்கங்களைக் கற்றுக்கொண்டுதான், வேலி இடுக்கில் தெரியும் மாட்டைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழு மாடாகப் பார்க்கிறது. நான் படித்ததும் பட்டம் வாங்கியதும் இதில்தான். எது எதோடு சேரும்? அருகருகே இருப்பவை, ஒரே நெசவு உள்ளவை, விளிம்பு தொடர்பவை, சேர்ந்து நகர்பவை. இவை ஒரே பொருள்.

எங்கள் கருவி முதலில் சேர்க்கும். சேர்த்த பிறகு ஒவ்வொரு குவியலாகப் பார்த்து, இது ஆளா என்று கேட்கும். உங்கள் முதுகில் சணல், மூட்டையிலும் சணல். உங்கள் தோள் வளைவும் மூட்டையின் வளைவும் ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிந்தன. நீங்கள் அசையவும் இல்லை. அது உங்களை மூட்டைகளோடு சேர்த்துவிட்டது. அதற்குப் பிறகு உங்களைப் பற்றித் தனியாக ஒரு கேள்வியே எழவில்லை. சேர்ப்பதற்கான கணக்கை எழுதியவள் நான். சேர்த்ததைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி வைக்காததும் நான்.

கருவியைப் பழக்குவதற்காகக் காட்டிய கோடவுன் படங்களில் எல்லாரும் பளபளக்கும் சட்டை போட்டு நின்றார்கள், நடந்தார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. கொங்காணி ஒன்றுகூட இல்லை. மற்ற இருபது பேருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியும். மழை நாளில் அப்பா துறைமுகத்திலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். எனக்கு ஞாபகமே வரவில்லை.

மேலாளரிடம் காட்டினேன். அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்றார். கம்பெனி விஷயம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேரும்போது நான் போட்ட கையெழுத்தையும் நினைவூட்டினார். வெளியே எழுதிக் கொடுத்தால் இந்தத் துறையில் எனக்கு இடமே இருக்காது. என்னால் முடியாது மாமா. நீங்கள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. மறுபடி சோதித்தபோது நான் ஒரு கையைத் தூக்கினேன். அந்த நொடியே கருவி என்னைத் தனியாகப் பிரித்துவிட்டது, சக்கரம் தானாகப் பூட்டிக்கொண்டது. நீங்கள் ஏன் அசையவே இல்லை? தூங்கிவிட்டீர்களா?

கிறிஸ்டினா


ராயபுரம்
8 மார்ச் 2025

கிறிஸ்டினாவுக்கு,

நீயும் மூட்டையானதற்கு வாழ்த்துகள். நம் குடும்பத்தில் இப்போது இரண்டு மூட்டை. ஒன்று ஒரு பக்கம் கிழிந்தது.

நான் காகிதம் கேட்டேன். நீ பாடம் அனுப்பியிருக்கிறாய். நல்ல பாடம், வேலி இடுக்கில் மாடு எனக்குக்கூடப் புரிந்தது. அதை விசாரணையில் வாசிக்கலாமா? முடியாது. யாருக்கும் காட்டக்கூடாத உண்மையை மாமனுக்கு மட்டும் தபாலில் அனுப்புவதற்கு, நீ என்னை நம்பாமலே இருந்திருக்கலாம். அப்போதாவது உன்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இருந்தது.

நேற்று முபாஷிர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா. கால் இல்லாதவன் வூட்டுக்கு வர்றதுக்கு இன்னா வெக்கம்?"

"மாமு, வெத்துத் தாள்ல கையெத்து வாங்கிட்டானுங்க. நீ அங்க இல்லைன்னு எயுதிகீறானுங்க. ரெண்டு பொண்ணு கீது மாமு எனக்கு."

"உன் மேல எனக்குக் கோவம் இல்லடா. ஆனா ஒரு தபா திரும்பிப் பாத்திருக்கலாம் இல்ல?"

அவன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். "நீதான மாமு சொன்ன? பாப்பா கண்ணு, தப்பே பண்ணாதுன்னு. நீ சொல்லிச் சொல்லி நான் திரும்பறதையே வுட்டுட்டேன்."

பிரியாணியைப் பக்கத்து வீட்டு ரமாபாயிடம் கொடுத்துவிட்டேன்.

தூங்கினேனா என்று கேட்டாய். மூட்டை எப்படிக் கை தூக்கும்? போய் உன் அடுத்த பதிப்பைப் பார்.

அம்புரோஸ்


பெங்களூரு
15 மார்ச் 2025

மாமா,

சோதனை செய்த காணொளி, கருவி எப்படிச் சேர்க்கிறது என்ற விளக்கம், என் கையெழுத்து, மூன்றையும் விசாரணை அதிகாரிக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூப்பிட்டால் நேரில் வந்து சொல்வேன் என்றும் எழுதியிருக்கிறேன். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். இன்று காலை என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மேசையில் இருந்த செடியை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள்.

நன்றி சொல்லாதீர்கள். டீக்கடையில் இதைச் சொல்லாதீர்கள். இதில் ஒரு திமிங்கலமும் வரக்கூடாது. மணிக் கதையை நான் மன்னித்துவிட்டேன் என்றும் எண்ண வேண்டாம். அது அப்படியே இருக்கிறது.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

கிறிஸ்டினா


ராயபுரம்
6 ஏப்ரல் 2025

கிறிஸ்டி,

நன்றி சொல்லவில்லை. நீ சொன்னபடி.

பதினெட்டாம் தேதி உன் காணொளியை ஒரு மடிக்கணினியில் போட்டார்கள். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல ஆள் எங்கம்மா?" என்றார், திரையில் இருக்கும் உன்னிடமே கேட்பது மாதிரி. அப்போது மூட்டை ஒன்று கையைத் தூக்கியது. மதி கூரையைப் பார்த்தான். அதிகாரி மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்க அங்கதான் இருந்தீங்க" என்றார். கேள்வியாக இல்லை. எழுதிக்கொண்டார். இந்த வாரம் உத்தரவும் வந்துவிட்டது. நான் அங்கே இருந்தேன் என்று முத்திரை குத்திய காகிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. மனிதன் என்று காகிதம் வைத்திருப்பவன் ராயபுரத்திலேயே நான் ஒருவன்தான்.

முபாஷிரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. கண்ணைக் கழற்றிவிட்டார்கள். அவன் இப்போது திரும்பிப் பார்த்து ஓட்டுகிறான். கழுத்து வலிக்கிறதாம்.

டீக்கடையில் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என்ன ஆயிற்று தெரியுமா? இப்போது நான் எதைச் சொன்னாலும் நம்புகிறார்கள். போன வாரம் திமிங்கலத்தை அவிழ்த்துவிட்டேன். ஒருவனும் சிரிக்கவில்லை. "பாவம், உண்மையாத்தான் இருக்கும்" என்று ஒருவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். என் தொழிலே போயிற்று.

உன் வேலை போனதைப் பற்றி அக்கா என்னிடம் பேசுவதில்லை. சமைத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது நியாயம்தான்.

இனி உன் கேள்வி.

தோல் சணலாகவில்லை. வயிற்றில் பருப்பு நிரம்பவில்லை. பெருச்சாளி வந்தது, ஆனால் என்னைக் கண்டுகொள்ளாமல் போயிற்று. அப்போஸ்தலர்களில் ஒருவரையும் நான் கூப்பிடவில்லை. முதல் கடிதத்தில் நம்பத் தகுந்தது கோடவுன், மழை, கால் மட்டுமே. அவற்றுக்கும் இப்போது முத்திரை வந்துவிட்டது. ஆனால் முத்திரை குத்தாத ஒரு சின்னத் துண்டு பாக்கி இருக்கிறது. கண் என்னை மேலும் கீழும் பார்த்தது என்று எழுதினேனே, அது உண்மை.

நான் தூங்கவில்லை. வண்டி பின்னோக்கி வரும் பீப் சத்தம் அடுக்கின் அந்தக் கோடியிலேயே கேட்டது. தலையைத் திருப்பாமலே பார்த்தேன். பீடியை அணைத்து, கொங்காணியைச் சரிசெய்து, வேட்டியை உதறிக்கொண்டு எழ நேரம் இருந்தது. கையைத் தூக்க எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் கோடவுன் முழுக்க, அது என் அக்கா மகளுடைய கண், தப்பே செய்யாது என்று ஆறு மாதம் சொல்லியிருக்கிறேன். நானே எழுந்து ஓடினால் என்ன அர்த்தம்? மூன்று வருடம் நீ என்னோடு பேசவில்லை. உன்னுடையது என்று என் பக்கத்தில் இருந்தது அது ஒன்றுதான். நிற்கும், கிறிஸ்டி நிறுத்துவாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

அது கடைசி வரை என்னைப் பார்த்துக்கொண்டேதான் வந்தது.

மாமா